பல்லாங்குழி தெரிந்தவர்கள் நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் மன்காலா ஆடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

குழிகளில் கல்லைப் பிரித்துப் போட்டு ஆடும் ஆட்டக் குடும்பத்துக்கு மன்காலா என்று பொதுப்பெயர். நம்ம பல்லாங்குழியும் அதில் ஒன்று. நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவியில் (கன்சோலில்) கிடைக்கும் மன்காலா, அதே குடும்பத்தில் வேறொரு கிளை.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் பெரியவர்கள், சிறுவர்கள், காட்பாடியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் என்று பலருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். பல்லாங்குழியே தெரியாத பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பல்லாங்குழியில் யாராலும் அசைக்க முடியாத ஆயாக்களும் அத்தைகளும்தான் முதலில் தோற்றுப்போய், "மிஷின் ஏமாத்துது" என்று கன்சோலைத் திருப்பித் தருகிறார்கள். மிஷின் ஏமாற்றுவதில்லை. கை ஒரு ஆட்டத்தை ஆடுகிறது, திரை வேறொரு ஆட்டத்தை ஆடுகிறது. அதைச் சரிசெய்ய ஒரு வரிசை உண்டு. கீழே இருப்பது அந்த வரிசைதான். நடுவில் தாவாமல் போனால் நல்லது.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

கன்சோல்: ஸ்விட்ச், ஸ்விட்ச் லைட், ஓஎல்இடி மாடல் எதுவானாலும் சரி. லைட்டின் திரை 5.5 அங்குலம், சாதாரண ஸ்விட்ச்சில் 6.2, ஓஎல்இடியில் 7. தனியாக ஆட லைட் தாராளமாகப் போதும். எதிரெதிரே உட்கார்ந்து ஒரே திரையில் இருவர் ஆடுவதாக இருந்தால் பெரியதை எடுங்கள். லைட்டில் இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆட்டம்: 2020 ஜூனில் வந்த 'கிளப்ஹவுஸ் கேம்ஸ்: 51 வேர்ல்ட்வைட் கிளாசிக்ஸ்'. ஐரோப்பாவில் விற்கும் பதிப்பின் அட்டையில் '51 வேர்ல்ட்வைட் கேம்ஸ்' என்றுதான் இருக்கும். சரக்கு ஒன்றே. பெயர் வேறாக இருக்கிறதே என்று இரண்டையும் வாங்கிவிட வேண்டாம்.

டிஜிட்டலாக, அதாவது இணையத்தில் இறக்கி வாங்குவதை விட, ஆட்டம் பதிந்த சின்ன அட்டையான கார்ட்ரிட்ஜ் வாங்குவது நமக்கு நல்லது. டிஜிட்டல் என்றால் கணக்கு எந்த நாட்டுக்கு, எந்த வங்கி அட்டையை ஏற்பார்கள் என்று தொல்லைகள் வரிசையாக வரும். ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்ததும் ஓடும், சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்ததும் ஓடும். பிடிக்காவிட்டால் விற்றும் விடலாம்.

சார்ஜர்: வெளிநாட்டிலிருந்து வந்த கன்சோல் என்றால் பின் நம் சாக்கெட்டில் பொருந்தாது. மாற்று பின் வாங்குவதற்கு முன் சார்ஜரின் மேல் 'இன்புட்' என்ற வரியைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் பின்னை மட்டும் மாற்றினால் போதும். அப்படி இல்லாவிட்டால் நம் 230 வோல்ட்டில் சொருகவே கூடாது.

இவை தவிர 48 புளியங்கொட்டை. கிண்டல் இல்லை. ஒரு நகர்த்தலை ஏன் இந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது தரையில் கொட்டையை வைத்துப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். திரையில் போட்ட கல் போட்டதுதான். தரையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் பின்வாங்கிப் பார்க்கலாம்.

2. கன்சோலைத் தயார் செய்வது

முதலில் வீட்டு வைஃபையில் கன்சோலையும் ஆட்டத்தையும் அப்டேட் செய்து முடியுங்கள். அதன் பிறகு ஏர்பிளேன் மோடு போட்டுவிடலாம். கணினியோடு ஆட இணையம் தேவையில்லை, பேட்டரியும் கொஞ்சம் நின்று வரும். இந்த வரிசையை மாற்றினால், ஆட உட்கார்ந்த நேரத்தில் அப்டேட் கேட்கும். பெரியவர்களுக்கு அங்கேயே ஆர்வம் போய்விடும்.

வேலூருக்கென்று ஒரு எச்சரிக்கை. சுற்றுப்புற வெப்பம் 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது நிண்டெண்டோ. அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊரில் 40-ஐத் தாண்டுவது புதிதல்ல. மதியம் மொட்டைமாடி அறையில், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆடாதீர்கள். சார்ஜ் ஏறும் சூடும் ஆடும் சூடும் வெயிலோடு சேர்ந்துகொள்ளும். முதலில் சார்ஜ், பிறகு ஆட்டம். சூடு ஏறிவிட்டால் அணைத்துவிட்டு ஃபேன் காற்றில் வையுங்கள். ஃபிரிஜ்ஜில் வைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். சூட்டை விட அது மோசம்.

திரைக்கு ஒரு கண்ணாடி ஒட்டுங்கள். தொட்டு ஆடும் ஆட்டம் இது. ஆற்காட்டு மக்கன்பேடா தின்ற விரலோடு உட்கார்ந்தால் ஒரு குழியைத் தொட்டால் இன்னொரு குழி திறக்கும்.

3. பல்லாங்குழிக் கையை மறப்பது

இதுதான் உண்மையான முதல் படி. கன்சோலைத் திறக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் உள்ளே போனவர்கள்தான் கன்சோலைத் திருப்பித் தருபவர்கள்.

பலகை: நமக்குப் பக்கத்துக்கு 7 குழி. இங்கே பக்கத்துக்கு 6. அதோடு ஒவ்வொருவருக்கும் வலக்கைப் பக்கம் ஒரு பெருங்குழி. தொடக்கத்தில் சின்னக் குழி ஒவ்வொன்றிலும் 4 கல், மொத்தம் 48. பெருங்குழி காலியாக இருக்கும். ஆட்டம் முடியும்போது யார் பெருங்குழியில் கல் அதிகமோ அவர் ஜெயித்தார்.

நிற்க வேண்டிய இடம்: பல்லாங்குழியில் கையிலிருந்த கொட்டை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளிக்கொண்டு தொடர்வோம். இங்கே கடைசிக் கல் விழுந்ததோடு சரி. "இன்னாடா இது, அடுத்த குழியில அவ்ளோ கெடக்குது, எடுத்துகினு போவ வேணாமா?" என்று ஆயா கேட்ட கேள்வியைத்தான் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் கேட்கிறார்கள். எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இந்த ஒரே வித்தியாசம் ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. பல்லாங்குழியில் ஒரு கை எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே சொல்வது கஷ்டம். பழக்கமும் கைராசியும்தான் வழிகாட்டும். இங்கே ஒவ்வொரு கையும் எங்கே முடியும் என்பது தொடங்கும்போதே தெரியும். தெரிந்தும் எண்ணாமல் ஆடினால் தோல்விதான்.

பெருங்குழியும் வழியில்தான்: கல்லைப் பிரித்துப் போடும்போது உங்கள் பெருங்குழியிலும் ஒன்று விழும். எதிராளியின் பெருங்குழியைத் தாண்டிவிடும். கடைசிக் கல் உங்கள் பெருங்குழியிலேயே விழுந்தால் உங்களுக்கு மறு ஆட்டம், அதாவது இன்னொரு கையும் நீங்களே ஆடலாம்.

பசு இல்லை: ஒரு குழியில் 4 சேர்ந்தால் நாம் பசு என்று எடுத்துக்கொள்வோம். இங்கே 4 என்பதற்கு எந்த மரியாதையும் கிடையாது. பழக்க தோஷத்தில் 3 இருக்கும் குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அந்தப் பார்வையை விட வேண்டும்.

வெட்டும் இடம்: பல்லாங்குழியில் அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுப்போம். இங்கே உங்கள் கடைசிக் கல்லே உங்கள் பக்கத்துக் காலிக் குழி ஒன்றில் விழ வேண்டும். அப்போது அந்தக் கல்லும், அதற்கு நேர் எதிரே எதிராளியின் குழியில் இருக்கும் கல்லெல்லாமும் உங்கள் பெருங்குழிக்கு வரும். நம் கண் பழக்கத்தில் பக்கவாட்டில் போகும். இங்கே நேர் எதிரே பார்க்க வேண்டும்.

ஒரே சுற்று: ஜெயித்ததை வைத்து அடுத்த சுற்றில் எதிராளியின் குழியை அடைக்கும் கதையெல்லாம் இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் தனி.

4. முதல் ஆட்டம்: தோற்பதற்காக ஆடுங்கள்

ஆட்டத்தைத் திறந்ததும் உங்களுக்கு ஒரு சின்ன பொம்மையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிறகு உலக உருண்டை ஒன்று வரும். அதில் சுற்றித் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பட்டியலாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. 51 ஆட்டங்களில் முதலாவதே மன்காலாதான். தொடக்கத்தில் பொம்மைகள் பேசி ஆட்டத்தைக் காட்டும். முதல் தடவை அதைத் தாண்டிவிடாமல் பாருங்கள். பேச்சு ஆங்கிலத்தில் இருந்தாலும் கல் எப்படி நகர்கிறது என்பதைக் கண் பார்த்துப் புரிந்துகொள்ளும்.

எதிராளியாகக் கணினியையும், அதில் 'நார்மல்' நிலையையும் தேர்ந்தெடுங்கள். உங்கள் வேலை குழியைக் காட்டுவது மட்டும். கல்லைக் கன்சோலே பிரித்துப் போடும். அது போடும்போது அவசரப்பட்டு இன்னொரு குழியைத் தொடாதீர்கள். கொட்டையைக் கையால் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த நேரம்தான் சலிப்பு. ஆனால் கடைசிக் கல் எங்கே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டிய நேரமும் இதுவே. விரல் நடுங்கும் பெரியவர்கள் திரையைத் தொடாமல், திரைக்குப் பக்கத்தில் உள்ள குச்சியால் (ஜாய்ஸ்டிக்) குழியைத் தேர்ந்தெடுத்து 'ஏ' பட்டனை அழுத்தட்டும். தவறான குழி திறப்பது பாதியாகக் குறையும்.

இந்த முதல் ஆட்டத்தில் ஜெயிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். குழியைத் தொடும் முன் கடைசிக் கல் எங்கே விழும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு தொடுங்கள். சொன்னது பலித்ததா என்று மட்டும் பாருங்கள். பத்து தடவை தொடர்ந்து சரியாக வந்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

ஆட்ட விதிப் பக்கத்தில் இரண்டு விஷயங்களைக் குறிப்பாகப் பார்த்து வையுங்கள். எதிரே உள்ள குழி காலியாக இருந்தாலும் வெட்டு உண்டா? ஒரு பக்கம் காலியானதும் மறுபக்கத்து மிச்சக் கல் யாருக்கு? மன்காலா நிரல்களில் அதிகம் மாறுவது இவை இரண்டும்தான். வேறு போனிலோ வேறு கன்சோலிலோ ஆடியவர்கள் அங்கே கற்ற விதியை இங்கே எதிர்பார்த்து ஏமாறுவதும் இதனால்தான்.

5. தூரம் எண்ணுவது

உங்கள் குழிகளுக்கு இடமிருந்து வலமாக 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். பெருங்குழி 6-ஆம் குழிக்கு வலப்பக்கம். ஒரு குழியிலிருந்து பெருங்குழிக்குச் சரியாகப் போய்ச் சேர எத்தனை கல் வேண்டும்? 7-லிருந்து குழி எண்ணைக் கழியுங்கள். 6-ஆம் குழிக்கு 1, 5-ஆம் குழிக்கு 2, 4-க்கு 3, 3-க்கு 4, 2-க்கு 5, 1-க்கு 6.

ஒவ்வொரு முறையும் ஆடுவதற்கு முன் வலமிருந்து இடமாகக் கண்ணை ஓட்டி, இந்தக் கணக்குக்குப் பொருந்தும் குழி எது என்று பாருங்கள். இதை நேர்க்குழி என்று வைத்துக்கொள்வோம். வலமிருந்து ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

இங்கே எல்லாரும் இடறும் இடம் ஒன்று. எடுத்த குழியையே ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள். எடுத்த குழி காலி. முதல் கல் அதற்கு அடுத்த குழியில்தான் விழும்.

நிறையக் கல் சேர்ந்த குழிக்கு இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். எதிராளியின் பெருங்குழியைத் தாண்டுவதால் ஒரு முழுச் சுற்று என்பது 13 இடம். ஆகவே 13 கல் இருக்கும் குழியை எடுத்தால் கடைசிக் கல் அதே குழிக்கே திரும்பி வரும். அது அப்போது காலியாக இருக்கும். எதிரே இருப்பது உங்களுக்கு. அடிக்கடி வராது. வரும்போது கணினி நிச்சயம் கவனிக்கும், நீங்களும் கவனியுங்கள்.

6. மறு ஆட்டம்: வலக்குழி முதலில்

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நேர்க்குழிகள் இருந்தால் எதை முதலில் எடுப்பது? பெருங்குழிக்கு மிக அருகில் இருப்பதை. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. தூரத்துக் குழியை எடுத்தால் அது வழியில் உள்ள அருகுக் குழிகளில் ஆளுக்கு ஒரு கல் போட்டுவிட்டுப் போகும். சரியாக இருந்த கணக்கு கெட்டுவிடும். அருகுக் குழியை முதலில் எடுத்தால் தூரத்துக் குழியின் கணக்கு கெடாது.

புளியங்கொட்டையை எடுங்கள். 5-ஆம் குழியில் 2, 6-ஆம் குழியில் 1 வையுங்கள். முதலில் 5-ஐ எடுத்துப் பாருங்கள். 6-ல் ஒன்று விழுந்து அது 2 ஆகிறது, பெருங்குழியில் ஒன்று. மறு ஆட்டம் கிடைத்தது. ஆனால் 6-ல் இப்போது 2. எடுத்தால் ஒன்று உங்களுக்கு, இன்னொன்று எதிராளிக்குப் போய் உங்கள் முறை முடிந்துவிடும்.

திரும்ப வைத்து 6-ஐ முதலில் எடுங்கள். ஒன்று பெருங்குழிக்கு, மறு ஆட்டம். இப்போது 5. ஒன்று 6-ல், ஒன்று பெருங்குழியில், மறு ஆட்டம். மறுபடி 6. மூன்றாவது கல்லும் உள்ளே. இன்னமும் உங்கள் முறைதான். கல் அதே மூன்று. வரிசை மாறியதுதான் வித்தியாசம்.

இப்போது 4-ல் 3, 5-ல் 2, 6-ல் 1 என்று வைத்து இதே முறையில் ஆடுங்கள்: 6, 5, 6, 4, 6. ஐந்து கல் பெருங்குழியில் சேர்ந்திருக்கும், ஐந்து முறையும் மறு ஆட்டம் கிடைத்திருக்கும். 5-ல் ஒரு கல் மிஞ்சும், 6 காலி. அந்த ஒன்றை நகர்த்தினால் காலியான 6-ல் விழும். எதிரே கல் இருந்தால் வெட்டு. எங்கள் அத்தை இதைத் தரையில் ஒரு தடவை செய்து பார்த்தார். அதன் பிறகுதான் "மிஷின் ஏமாத்துது" நின்றது.

7. வெட்டு

எதிரெதிர்க் குழிகளின் எண்ணைக் கூட்டினால் 7 வரும். உங்கள் 6-க்கு எதிரே எதிராளியின் 1, உங்கள் 2-க்கு எதிரே அவருடைய 5. அவருடைய குழிகளை அவர் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

காலிக் குழியைக் கண்டால் புதியவர்களுக்குப் பயம், ஏதோ சொத்து போய்விட்ட மாதிரி. உண்மையில் எதிரே கல் குவிந்திருக்கும் காலிக் குழிதான் உங்கள் ஆயுதம். அந்தக் காலிக் குழிக்குச் சரியாக வந்து விழக்கூடிய கல் உங்கள் இடப்பக்கக் குழி எதிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். 2-ஆம் குழியில் 3 கல் இருந்தால் அது 5-ல் போய் விழும். அவ்வளவுதான் கணக்கு.

வெட்டியதும் உங்கள் முறை முடிந்துவிடும். ஆகவே மறு ஆட்டம் தரும் குழிகளை முதலில் எடுத்துவிட்டு, வெட்டைக் கடைசியில் வையுங்கள். ஒரே விதிவிலக்கு: மறு ஆட்டத்துக்காக எடுக்கும் குழி வழியில் அந்தக் காலிக் குழியிலேயே ஒரு கல்லைப் போட்டு வெட்டைக் கெடுத்துவிடும் என்றால் நின்று யோசியுங்கள். ஒரு கல்லும் மறு ஆட்டமும் பெரிதா, எதிரே இருக்கும் ஏழெட்டுக் கல் பெரிதா? பெரும்பாலும் ஏழெட்டுதான்.

8. முதல் கை உங்களுக்கு வந்தால்

எல்லாக் குழியிலும் 4 இருக்கும் நிலையில் நேர்க்குழி ஒன்றே ஒன்று: 3. அதை எடுங்கள். உங்கள் பக்கம் 4, 4, 0, 5, 5, 5, பெருங்குழியில் 1, மறு ஆட்டம்.

அடுத்து நான் சொல்லிக் கொடுப்பது 6-ஆம் குழி. அதன் 5 கல்லில் ஒன்று பெருங்குழிக்கு, மீதி நான்கு எதிராளியின் 1 முதல் 4 வரை. "அவனுக்கு நாலு கல்லு குடுக்கறியே" என்று பக்கத்தில் இருப்பவர் சத்தம் போடுவார். போடட்டும். இரண்டு வேலை நடந்திருக்கிறது. எதிராளியின் 3-ஆம் குழியில் இருந்த 4 இப்போது 5 ஆகிவிட்டதால், உங்களைப் போலவே 3-ஐ எடுத்து மறு ஆட்டம் வாங்க அவரால் முடியாது. அதோடு உங்கள் 6 காலி. 2-ஆம் குழியின் 4 கல்லும் சரியாக அங்கே போய் விழும். எதிரே அவருடைய 1-ல் 5 கல். அடுத்த முறை வெட்டு தயார்.

இதற்கு எதிராளியிடம் பதில் இல்லையா என்றால் இருக்கிறது. எதிராளியின் 2-ஆம் குழியும் 5 ஆகிவிட்டது, 2-க்கு வேண்டியது 5. விவரமானவர் 2-ஐ எடுத்து மறு ஆட்டம் வாங்கி, பிறகு 1-ஐக் காலி செய்து வெட்டிலிருந்து தப்பிப்பார். இந்தத் தொடக்கத்தை மந்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் ஒரே நகர்த்தல் எதிராளிக்கு எதைக் கெடுத்தது, எதைக் கொடுத்தது என்று இரண்டையும் பார்க்கப் பழகுவதற்காகத்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

9. விரல் வைக்கும் முன் எதிர்ப்பக்கம்

கன்சோலில் ஆடுபவர்களிடம் ஒரு கெட்ட பழக்கத்தைப் பார்க்கிறேன். கண் திரையின் கீழ்ப்பாதியை விட்டு மேலே ஏறாது. பலகையில் எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் முகத்தைப் பார்க்கவாவது தலையைத் தூக்குவோம். திரையில் அதுவும் இல்லை.

மேல் வரிசையில் பார்க்க வேண்டியது: அவருக்கு நேர்க்குழி எது, அவருடைய காலிக் குழிக்கு எதிரே என் கல் எவ்வளவு குவிந்திருக்கிறது. குவியல் ஆபத்தில் இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால், வெட்ட வரும் குழியிலேயே ஒரு கல்லைக் கூடுதலாகப் போட்டு அதன் கணக்கைக் கெடுங்கள். கல் கொடுத்துக் கெடுப்பது என்பது நம் மக்களுக்குக் கடைசி வரை மனசு வராத வேலை. ஆனால் ஒரு கல் கொடுத்து எட்டுக் கல்லைக் காப்பாற்றுவது லாபம்தானே.

10. ஆட்டத்தை முடிப்பது

மொத்தம் 48. உங்கள் பெருங்குழியில் 25 வந்துவிட்டால் அதற்கு மேல் எது நடந்தாலும் ஜெயம் உங்களுடையது. ஆகவே 18, 19 வந்ததும், இன்னும் எத்தனை வேண்டும் என்று திருப்பி எண்ணத் தொடங்குங்கள்.

ஒரு பக்கம் முழுக்கக் காலியானால் ஆட்டம் முடியும். மறுபக்கத்தில் மிஞ்சிய கல் அந்தப் பக்கத்துக்காரருக்கே சேர்வதுதான் பரவலான வழக்கம். 4-ஆம் படியில் பார்த்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இந்த வழக்கப்படி கடைசிக் கட்டத்தில் உங்கள் கல் உங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எதிராளியிடம் கொஞ்சமே மிச்சம் என்றால், பெரிய குவியலை எடுத்து அவர் பக்கம் இறைக்காதீர்கள். இடக்கோடியில் இருக்கும் ஒற்றைக் கல்லை 1-லிருந்து 2-க்கு, 2-லிருந்து 3-க்கு என்று மெதுவாக நகர்த்திப் பொழுதைப் போக்குங்கள். அவரிடம் ஆடக் கல் தீர்ந்ததும் மிச்சமெல்லாம் உங்களுக்கு.

புதியவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். தன் பக்கத்தைச் சீக்கிரம் காலி செய்தால் ஜெயம் என்று தாயத்தில் காய் பழமெடுக்கிற அவசரத்தோடு ஓடி, எதிராளிக்குப் பத்துக் கல்லைத் தானம் கொடுப்பார்கள்.

11. நிலை ஏறுவது

நார்மல், ஹார்டு, அமேசிங். அமேசிங்கை ஜெயித்தால் 'இம்பாசிபிள்' திறக்கும். நார்மலில் ஒரு தடவை ஜெயித்ததும் மேலே தாவ வேண்டாம், தற்செயலாகவும் ஜெயிக்கலாம். வலக்குழி வரிசை யோசிக்காமலே வந்துவிட்டது, எதிராளியின் வெட்டை முன்கூட்டியே பார்க்கிறீர்கள் என்றால் ஏறுங்கள். மேல் நிலைகளில் கணினி உங்கள் தவறுக்காகக் காத்திருக்கும், மன்னிக்காது.

6 குழி, 4 கல் ஆட்டத்தைக் கணினி வைத்து முழுக்கத் தீர்த்திருக்கிறார்கள். இருவரும் பிழையே இல்லாமல் ஆடினால் முதலில் ஆடுபவர் 10 கல் வித்தியாசத்தில் ஜெயிப்பார், அதாவது 29–19. ஆகவே இரண்டாவதாக ஆடி 22 வாங்கினாலும் அது மோசமான ஆட்டமல்ல. மனிதர்களோடு ஆடும்போது முதல் கையை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

12. இருவர் ஆடுவது

ஒரே கன்சோல் என்றால் மேசையில் படுக்க வைத்து இருபக்கமும் உட்கார்ந்து தொட்டு ஆடலாம். கட்டிலில், மெத்தையில் வேண்டாம். கை ஊன்றும்போதெல்லாம் கன்சோல் சாயும், விரல் தவறும். காட்பாடியிலிருந்து சென்னைக்கு 130 கிலோமீட்டர் போலப் போகும் ரயிலில் ஜன்னலோரச் சின்னப் பலகை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு பையை வைத்து அதன் மேல் வையுங்கள். மடியில் வைத்து ஆடினால் ஒருவருக்கு எப்போதும் தலைகீழாகவே தெரியும், சண்டை வரும்.

ஆஸ்பத்திரியில் உள்ளவருக்குத் துணையாக வந்து, ஊர்க்காரர் யாருமில்லாமல் லாட்ஜில் நாள் கணக்காக உட்கார்ந்திருக்கும் வெளிமாநிலத்தவரோடு ஆடவும் இது தோதான ஆட்டம். பேச்சே தேவையில்லை. ஒரு தடவை குழியைத் தொட்டுக் காட்டினால் போதும்.

இருவரிடமும் கன்சோல் இருந்தால் இரண்டு கார்ட்ரிட்ஜ் வாங்க அவசியமில்லை. முழு ஆட்டம் வைத்திருப்பவரோடு பக்கத்தில் இருந்து ஆடுவதற்கென்றே இலவசப் பதிப்பு ஒன்றை நிண்டெண்டோ தருகிறது. அமெரிக்கப் பதிப்பில் அதன் பெயர் 'கெஸ்ட் பாஸ்'. அதை வீட்டு வைஃபையில் இறக்கி, எந்தெந்த ஆட்டம் அதில் திறக்கிறது என்று பார்த்து, ஒரு தடவை இணைத்தும் ஆடிவிட்டுக் கிளம்புங்கள். ரயிலில் போய் இறக்கலாம் என்றால் சிக்னல் கைவிடும். 2-ஆம் படியில் போட்ட ஏர்பிளேன் மோடை அணைத்தால்தான் இரண்டு கன்சோலும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும்.